வாட்டம்

கட்டிலின் கால்மாட்டைத் தீர்த்தம்மாளும் தலைமாட்டை அவள் தம்பி முனியப்பனும் தூக்கிச் சுவரோரமாக நகர்த்தியபோது, சென்றாயன் கண்ணைத் திறந்தார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"எங்கயும் இல்லீங்க. சாரல் அடிக்குது, அதான்" என்றாள் தீர்த்தம்மாள்.

சாரல் இல்லை. நடுவீட்டு ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர் போர்வையை நனைத்திருந்தது. கட்டில் இருந்த இடத்தில் ஒரு குண்டானை வைத்தாள். அவர் காதில் சத்தம் விழக்கூடாது என்று அதற்குள் பழைய துணி ஒன்றைச் சுருட்டிப் போட்டாள்.

பங்குனியில்தான் புல்லுக் கூரையைப் பிரித்துவிட்டுச் சீமை ஓடு போட்டார்கள். வேலை கோவிந்த ஆசாரியுடையது. அரூர்ப் பக்கம் இன்னொரு வீட்டு வேலையையும் அதே நேரத்தில் பிடித்துக்கொண்டு, அங்கே பாதி நாள் இங்கே பாதி நாள் என்று ஓடியவர், நடுச்சுவரை ஒரு முழம் உயர்த்த வேண்டிய இடத்தில் அப்படியே விட்டு, ஓடு தாங்கும் கைமரங்களை ஏற்றிவிட்டார். தண்ணீர் வடியக் கூரைச் சரிவில் வாட்டம் போதவில்லை. பெய்த மழை கீழே ஓடாமல் ஓட்டுக்கடியில் திரும்பி உள்ளே இறங்கியது. ஆடியில் அடித்த முதல் மழைக்கே தெரிந்துவிட்டது. ஆள்விட்டுக் கூப்பிடும்போதெல்லாம் ஆசாரி வந்து சந்தில் சுண்ணாம்பை அப்பிவிட்டுப் போவார். அடுத்த மழையில் சுண்ணாம்பும் சேர்ந்து ஒழுகும்.

தீர்த்தம்மாளுக்கு ஆசாரியைவிடப் புருஷன் மேல்தான் ஆத்திரம். கீழே பானை நிறைந்துகொண்டிருக்கும்போதே அவர், "போன தடவைக்கு இப்ப பரவால்ல ஆசாரி" என்பார். ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் குணத்தோடு குடித்தனம் பண்ணி அவளுக்குத்தான் வாய் நீண்டது. ஐப்பசி பிறந்ததும் அவர் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். அதற்குப்பிறகு அவளுக்கும் சண்டை போட நேரமில்லை.

அன்று விடியுமுன் தீர்த்தம்மாள் கொடுத்த கஞ்சித்தண்ணீரை நாலு வாய் குடித்தவர், அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார்.

"சத்தமே காணோம். ஆசாரி வந்து பாத்துட்டானா?"

அவள் குண்டானைப் பார்த்தாள். துணி ஊறிக் கனத்துக் கிடந்தது.

"பாத்துட்டாருங்க. இப்ப ஒழுவல."

"நாந்தான் சொன்னனே" என்றார்.

விடிந்து வெளிச்சம் உள்ளே பரவியபோது சென்றாயன் போய்விட்டார். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் ராமக்காளுக்கு, அப்பாவுக்கு முடியவில்லை என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தது. உலக யுத்த காலம், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ், மேட்டில் நின்று நின்றுதான் வரும். அவள் வராமல் எடுக்க முடியாது. மழையோ கொட்டியது. வாசல் பந்தலில் பறைக்காரர்கள் தொய்ந்த தோலை வைக்கோல் நெருப்பில் காட்டிக் காட்டி அடித்தார்கள்.

முதல் சொட்டு சென்றாயனின் நெற்றியில் விழுந்தது. தீர்த்தம்மாள் முந்தானையால் துடைத்தாள். அடுத்தது கன்னத்தில். பாயோடு இழுத்து நகர்த்தினார்கள். அங்கே நெஞ்சில் விழுந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். "படுத்த மனுசனைக் கூட வுட மாட்டேங்குதே" என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் கம்பளியைத் தலையோடு மூடிக் கொங்காடை போட்டுக்கொண்டு கோவிந்த ஆசாரி வாசலில் வந்து நின்றார். முனியப்பன் பாய்ந்து எழுந்தான்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்த? உள்ள வந்து பாருய்யா உன் வேலைய! எங்க மாமன் பொணம் நனையுது!"

ஆசாரி எட்டி உள்ளே பார்த்தார். அவர் பார்க்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது. முனியப்பன் அவர் துண்டைப் பிடித்து இழுத்தான்.

"வுடு தம்பி" என்றாள் தீர்த்தம்மாள்.

எழுந்து வந்தாள். எத்தனையோ நாளாக ஆசாரிக்கென்று அவள் சேர்த்துவைத்திருந்த பேச்சு இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் கைகாட்டினாள்.

"ஏணி மாட்டுக்கொட்டாயில இருக்குது. ஏறு. எம்மவ வந்து மூஞ்சி பாக்குற வரைக்கும், இவரு மேல ஒரு சொட்டு வுழக்கூடாது."

ஆசாரி ஏணியை எடுத்துவந்து சார்த்தினார். மேலே ஓடுகள் நெரிபடும் சத்தம் கேட்டது. கம்பளியை ஒழுகும் வரிசை மேல் விரித்து, காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். கீழே சொட்டு இடைவெளி விட்டது, பிறகு நின்றது.

தீர்த்தம்மாள் சென்றாயனின் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டு, அவர் காலடியில் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ராமக்காள் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அப்பன் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். "தூங்குற மாதிரியே இருக்காரும்மா" என்றாள். மேலே ஆள் இருப்பது அவளுக்குத் தெரியாது.

மழை தூறலாகத் தணிந்தது. பங்காளிகள் தூக்கினார்கள். பறைச்சத்தம் தெருவைத் தாண்டியது. பெண்கள் முச்சந்தி வரை போய்த் திரும்பி, வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். தீர்த்தம்மாள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஏணியடிக்குப் போனாள்.

ஆசாரி ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார்.

"இது ஒட்டுப்போடுற வேலை இல்லம்மா" என்றார், அவளைப் பார்க்காமல். "பூரா எறக்கி, செவுத்த ஒசத்திதான் போடணும். காரியம் முடியட்டும். வேற எடத்துக்குப் போவாம இருந்து போட்டுத்தரேன்."

"சரி" என்றாள். "எறங்கி வா. அடுப்புல சுடுதண்ணி இருக்குது."

அவர் ஒரு காலை ஏணிப் பக்கம் நீட்டினார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் பறை கேட்டது.

"ஆசாரி, அங்கிருந்து தெரியுதா?"

அவர் காலை மடக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"தெரியுதும்மா. ஏரிக்கரை ஏறுறாங்க."

"வழுக்குமே."

"மெதுவாத்தான் போறாங்க. முனியப்பன் முன்னால நின்னு கைகாட்டுறான்."

கொஞ்சம் பொறுத்து, "இப்ப?" என்றாள்.

"மதகு தாண்டிட்டாங்க."

அவள் ஏணியின் படியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"இப்ப?"

ஆசாரி எழுந்து, ஓட்டின் மேல் நின்று, கையை நெற்றியில் வைத்து எட்டிப் பார்த்தார்.