வாசல் கட்டடத்துக்கு வெளியே

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, 401 நெடுஞ்சாலையில் பனிக்குள் வழுக்கிய லொறி ஒன்று றெபேக்காவின் காரில் மோதியது. அவளுக்கு இருபது வயது. வார இறுதிக்கு அஜக்ஸில் இருக்கும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தகப்பன் பேனாட்டும் தாய் மக்டலீனும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பேனாட் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, பூசையிலும் இல்லை, மண் அள்ளிப் போட்டபோதும் இல்லை. உள்ளுக்குள் ஏதோ பிந்தி வருகிறது, வந்ததும் அழுவேன் என்று முதலில் நினைத்திருந்தான். பங்குனி போனது, கோடையும் போனது. எதுவும் வரவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட கன்னத்தைத் தடவிப் பார்ப்பதுபோல இடைக்கிடை தன்னைத் தடவிப் பார்ப்பான். தொடுவது தெரியும். வேறொன்றும் தெரியாது.

அவன் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் கட்டட வரலாறு படிப்பித்தான். லீவு எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. மக்டலீன் பிக்கரிங்கில் முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. அவளும் எடுக்கவில்லை. மற்றவர்களின் ஷிப்டையும் கேட்டு வாங்கிச் செய்தாள். வீட்டில் இருந்த நேரங்களில் குப்பை எடுக்கும் நாளைப் பற்றியும், சூடாக்கிக்கு ஃபில்டர் மாற்றுவது பற்றியும் பேசினார்கள். சண்டை இல்லை. சண்டை பிடிக்கவும் மனிதருக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கல்லறைக்குக் கல் போடுவது மட்டும் பாக்கியாகக் கிடந்தது.

"பிள்ளையின்ர கல்லில என்ன எழுதுறது?" என்று மக்டலீன் கேட்பாள்.

"யோசிப்பம்" என்பான் பேனாட். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். ஐப்பசி வந்தது. கல் செய்பவர் அவளுக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தார். இந்தக் கிழமை முடிவு சொல்லாவிட்டால் வைகாசிக்குள் கல் வராது என்றார்.

அதே கிழமையில்தான் பேனாட்டின் வகுப்பில் ஸ்கெல்பெக் பாடம் வந்தது. இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஸ்கெல்பெக், எண்ணூறு வருடங்களுக்கு முன் சிஸ்தேர்சியன் துறவிகள் உருவாக்கிய பண்ணை. மடம் ஓரிடத்தில் இருக்கும். அதற்குச் சாப்பாடு போடும் பண்ணை, ஒரு நாள் நடைக்குள் வேறோரிடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட பண்ணைக்கு கிறேஞ்ச் என்று பெயர். ஓதும் துறவிகள் அங்கே குடியிருப்பதில்லை. தாடி வைத்த, எழுத்து வாசிப்புத் தெரியாத சகோதரர்கள் இருந்து உழுதார்கள், செம்மறி வளர்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மடத்துக்கு நடந்து போய்ப் பூசை கண்டார்கள். பேனாட் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தது இந்த இடத்தைத்தான். இன்று அங்கே மிஞ்சி நிற்பவை களஞ்சியத்தின் ஒரு சுவரும் வாசல் கட்டடமும் மட்டுமே.

படத்தில் காட்டினால் மாணவர்களுக்கு அளவு பிடிபடாது. அதனால் ஒவ்வொரு வருடமும் கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் புல்வெளியில் பண்ணை முழுவதையும் உள்ள அளவிலேயே கீறுவான். உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பு வண்டியை விளையாட்டுப் பகுதியினரிடம் இரவல் வாங்குவான். மாணவர்கள் கயிறு பிடிக்க, அவன் வண்டியைத் தள்ளுவான். களஞ்சியம், ஆட்டுப்பட்டி, சகோதரர்கள் படுக்கும் வீடு, மீன் குளம், எல்லாவற்றையும் சுற்றி மதில், மதிலில் ஒரேயொரு வாசல் கட்டடம். கீறி முடிந்ததும் ஆளுக்கொரு வேடம் கொடுத்து உள்ளே நடக்க விடுவான்.

இந்த வருடமும் அதைத்தான் செய்தான். காற்று அடித்தது. தெருவுக்கு அப்பாலுள்ள பிளாசாவிலிருந்து கோழி பொரிக்கும் மணம் வந்தது. வாசல் கட்டடத்தின் கோடுகளுக்குள் நின்று அவன் விளக்கினான். பக்கம் பக்கமாக இரண்டு வளைவுகள். அகலமானது வண்டிகளுக்கு, ஒடுங்கியது ஆட்களுக்கு. அகல வளைவின் கதவை அறுவடைக்கும் ஆட்டுமயிர் ஏற்றும் நாட்களுக்கும்தான் திறப்பார்கள். மேலே கல் வளைகூரை, அதற்கு மேல் கணப்படுப்போடு ஓர் அறை. மடம் மூடப்பட்ட பிறகு வந்த விவசாயி அகல வளைவைச் செங்கல்லால் அடைத்துவிட்டு அந்தக் கட்டடத்தையே வீடாக்கிக் குடியிருந்தான். அதனால்தான் அது இன்றும் நிற்கிறது.

ஜோசுவா என்ற மாணவன், சுற்றிவர எதிரிகள் யாரும் இல்லாத இடத்தில் ஒரு பண்ணைக்கு ஏன் இவ்வளவு பெரிய வாசல் என்று கேட்டான். வாசல் எதிரியைத் தடுக்க மட்டும் அல்ல, இதற்கு அங்கால் வேறு சட்டம் என்று சொல்வதற்கும்தான் என்றான் பேனாட். போன வருடமும் அதே வசனத்தைச் சொல்லியிருந்தான். தன் குரல் சரியான இடத்தில் ஏறி, சரியான இடத்தில் இறங்குவதை வேறு யாருடையதோ போலக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வாசற்காவலர் வேடத்தை ஃபஸ்னா என்ற மாணவிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைக் களஞ்சியத்துக்குக் கூட்டிப்போனான்.

மக்டலீன் வேலை உடுப்புக்கு மேல் ஜக்கெட் போட்டபடி புல்வெளியால் வந்தாள். முகத்தைப் பார்த்ததும் ஃபஸ்னா தமிழிலேயே பேசினாள்.

"அன்ரி, இதால பொம்பிளையளை உள்ளுக்கு விட ஏலா."

மக்டலீன் குனிந்து பார்த்தாள். புல்லில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

"ஏன் பிள்ளை?"

"இது ஒரு மடத்துப் பண்ணையெண்டு நினைச்சுக்கொள்ளுங்க. நான் கேற்கீப்பர். அந்தக் காலத்தில லேடீஸை வாசலோட நிப்பாட்டிருவாங்களாம்."

"அப்ப, வந்தவை எங்க நிக்கிறது?"

மதிலுக்கு வெளியே கீறியிருந்த சின்னச் சதுரத்தை ஃபஸ்னா காட்டினாள். "அது சேப்பல். செத்தவங்களுக்கு ப்ரேயர் கேட்டு வாற ஆக்களும் அதுக்குள்ளதான் நிப்பாங்களாம், சேர் சொன்னவர். யூ கேன் வெயிட் தெயர், அன்ரி."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மக்டலீன் நினைத்திருந்தால் கோட்டைத் தாண்டி நடந்திருக்கலாம். நான் உங்கட சேரின்ர மனிசி என்று சொல்லியிருக்கலாம். வாய் திறக்க அலுப்பாக இருந்தது. போய்ச் சதுரத்துக்குள் நின்றாள்.

களஞ்சியத்துக்குள் நின்ற பேனாட் அவளைக் கண்டான். இந்த இடத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. ஏதாவது நடந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தான். இனி நடக்க என்ன இருக்கிறது என்று அடுத்ததாக நினைத்தான். தூண்களின் வரிசையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்ததால் அதைச் சொல்லி முடித்தான். அதன் பிறகு ஆட்டுப்பட்டியையும் காட்டினான். அவள் ஜக்கெட் பைக்குள் கைகளை விட்டபடி காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. வகுப்பை முடித்து மாணவர்களை அனுப்பிய பிறகுதான் அவளிடம் வந்தான்.

"நீர் ஏன் இஞ்ச வந்தனீர்?"

"ரெலிபோன் அடிச்சனான். நீங்கள் எடுக்கேல்லை. கல்லுக்கடைக்காரர் இண்டைக்குப் பூட்டுறதுக்கிடையில ரெண்டு பேரையும் வரட்டாம்."

இன்னும் வாசலிலேயே நின்ற ஃபஸ்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சேரின் மகள் இறந்தது வகுப்புக்கே தெரியும். முகம் வெளிறி, "சொறி அன்ரி, எனக்குத் தெரியாது" என்றாள்.

"பரவாயில்லை, பிள்ளை. நீங்கள் உங்கட வேலையைத்தானே செய்தனீங்கள்."

ஃபஸ்னா பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். இருவரும் தனித்து நின்றார்கள்.

"நான் நிண்டதைக் கண்டனீங்கள்தானே?" என்று மக்டலீன் கேட்டாள்.

"ஓம்."

"பிறகேன் இவ்வளவு நேரம் நிக்க விட்டனீங்கள்?"

பேனாட் உண்மையான பதிலைத் தேடிப் பார்த்தான். கோபம் இல்லை, வெட்கம் இல்லை. வகுப்பு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் காரணம் இல்லை.

"தெரியேல்ல" என்றான்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பதிலை அவளால் விளங்கிக்கொள்ள முடிந்தது. போன கிழமை முதியோர் இல்லத்தில் தான் பார்த்துவந்த மூதாட்டி ஒருத்தியின் கண்ணை மூடிவிட்டு, அப்படியே போய்ச் சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டவள் அவள்.

சுண்ணாம்பு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளுடைய காரிலேயே புறப்பட்டார்கள். கல்லுக்கடை மில்லிக்கன் பக்கத்தில், ஸ்டீல்ஸ் வீதியை அண்டிய ஒரு பிளாசாவில், வரிக்கணக்குப் பார்க்கும் அலுவலகத்துக்கும் கேக் கடைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பெயர் எழுதாத கறுப்புக் கற்கள் வரிசையாக நின்றன. உரிமையாளர் இரத்தினவேல் கதிரைகளை இழுத்துப் போட்டு, கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மேலே சிலுவை, ஒரு பக்கம் ரோசாப்பூ, நடுவில் ஆங்கிலத்தில் பெயர், அதன் கீழே தமிழில் ரெபேக்கா.

"சின்ன ர இல்லை அண்ணை. பெரிய ற போடுங்கோ" என்றான் பேனாட்.

மக்டலீன் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கல்லைப் பற்றி அவன் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. "ஞானஸ்நானச் சேட்டிபிக்கற்றில சின்ன ர தானே கிடக்கு" என்றாள்.

"பிள்ளை எழுதினது பெரிய ற."

அது மக்டலீனுக்கும் நினைவிருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் றெபேக்கா பெரிதாக எதுவும் படிக்கவில்லை. தன் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதுவாள்.

"எழுதிக் காட்டுங்கோ, தம்பி" என்று இரத்தினவேல் ஒரு கடதாசியை நீட்டினார். பேனாட் எழுதினான். அவனுடைய கையெழுத்து அடக்கமானது. ஆனால் அந்த றகரத்தை மகள் எழுதியதுபோல வால் நீட்டி, வரிக்குக் கீழே இறக்கி எழுதினான். எழுதியபின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நெஞ்சுக்குள் எதுவோ அசைவதுபோல இருந்தது. இருமல் வருமாக்கும் என்று நினைத்தான். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ரோசாப்பூ வேண்டாம், வசனமும் வேண்டாம், பெயரும் வருடங்களும் போதும் என்றான். மக்டலீன் சரி என்றாள்.

இரத்தினவேல் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "இன்னொண்டு கேக்கவேணும், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வாங்கியிருக்கிறது மூண்டு பேருக்கான நிலம். பெயரைக் கல்லின்ர நடுவில வெட்டுறதோ, இல்லாட்டி மேல வெட்டிப்போட்டுக் கீழ உங்கள் ரெண்டு பேருக்கும் இடம் விடுறதோ?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேக் கடையில் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது.

இரண்டு கிழமைக்கு முன் பேனாட் கல்லூரிக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ற் அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். மக்டலீன் மொன்றியலில் இருக்கும் தங்கையிடம், கொஞ்சக் காலம் வந்து நிற்கட்டுமா என்று கேட்டிருந்தாள். இருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று நினைத்ததும் இல்லை. இரண்டு பேரும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தார்கள், யாரும் தள்ளாமலே.

பேனாட் திரையைப் பார்த்தான். பெயர் மேலே, கீழே வெறுங் கறுப்பு. நடுவில் வெட்டுங்கோ என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள் என்றும் தெரியும். மக்டலீனின் கை அவனுக்குப் பக்கத்தில், மேசை விளிம்பில் கிடந்தது. மருந்து போட்டுப் போட்டுக் கழுவியதில் விரல் முட்டுகள் வெடித்திருந்தன. அதை அவன் அன்றைக்குத்தான் கண்டான்.

"கீழ இடம் விடுங்கோ" என்றாள் மக்டலீன்.

இரத்தினவேல் பேனாட்டைப் பார்த்தார்.

"ஓம், விடுங்கோ" என்றான் அவன்.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த மாசிக்குப் பிறகு மக்டலீன் 401இல் கார் ஓடுவதில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிங்ஸ்டன் வீதியாலேயே போவாள். பேனாட் பக்கத்து இருக்கையில் இருந்தான். பிக்கரிங் கிட்டும்போது, "நான் ஒரு றூம் பாத்தனான்" என்றான்.

"எங்க?"

"கொலிச்சுக்குக் கிட்ட."

அவள் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் மொன்றியலுக்குப் போவமெண்டு தங்கச்சியிட்டக் கேட்டனான்" என்றாள்.

"எப்ப போறீர்?"

"போகேல்ல." கொஞ்சத் தூரம் போனபின் கேட்டாள். "நீங்கள்?"

"வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்."

நிம்மதி என்று சொல்லும்படி எதையும் பேனாட் உணரவில்லை. கால் மட்டும் குளிர்ந்தது. புல்வெளி ஈரம் சப்பாத்துக்குள் இறங்கியிருந்தது. அதைச் சொன்னான். அவள் கால்பக்கம் சூடு போட்டாள்.

"வீட்டில பால் இருக்கோ?" என்று கேட்டாள்.

பேனாட் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தை நினைத்துப் பார்த்தான். காலையில் திறந்தது ஞாபகம் இருந்தது. உள்ளே என்ன இருந்ததென்று ஞாபகம் இல்லை.

"தெரியேல்ல. உமக்கு?"

"எனக்கும் தெரியேல்ல" என்று சொல்லி, மக்டலீன் காரைக் கடைப்பக்கம் திருப்பினாள்.