நாலு சீஆர் கொப்பிகள்

மூன்றாம் தரமும் டொக்டர் யசோதரன் கொப்பிகளைப் பற்றிக் கேட்டபோதுதான் டிலோஜினிக்கு மனம் சுருக்கென்றது. "மிஸ், அந்த நாலு கொப்பியையும் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கோ. விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோட முடியுது. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று வட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பியிருந்தார். இதமான குரல். சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரின் பின் விறாந்தையில், தடுப்பூசிக் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். இரண்டு தரமும் 'மிச்சத்தை நான் பாக்கிறன்' என்ற இடத்தில் நிறுத்தினாள். எந்த மிச்சத்தை?

சந்தேகப்படுவது அவளுக்குத் தொழிலோடு வந்த பழக்கம். பதினாலு வருடமாகத் தாதியாக இருப்பவள். கிளினிக்குக்கு வருகிற எந்தப் பெண்ணும் முதல் கேள்விக்கு உண்மை சொன்னதில்லை. "ஒண்டுமில்லை மிஸ்ஸி, சும்மா தலையிடி" என்பார்கள். சீலைத் தலைப்பைத் திருகும் விரலைப் பார்த்துத்தான் மிச்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டிலும் அவள் அப்படித்தான். ஐஸ் கம்பனியில் வேலை செய்யும் கணவன் எட்வேட், "உனக்கு மாதாவே நேர வந்து நிண்டாலும் அடையாள அட்டை கேப்பாய்" என்று சிரிப்பான். இந்த விஷயத்திலும் அவன் டொக்டரின் பக்கம்தான். "பெரிய மனுசன் தானாத் தேடி வந்து படிக்கச் சொல்லுறார். அதுக்கும் முகத்தைச் சுழிச்சா எப்பிடி?"

தேடித்தான் வந்தார். பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் படிப்பிப்பவர். நாலு மாதத்துக்கு முன் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில், தேநீர் இடைவேளையில், டிலோஜினி தன் கொப்பிகளைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள கருவாட்டு வாடிக் கொட்டில்களில் மீன் வெட்டும் பெண்களுக்குத் திரும்பத் திரும்ப, சிறுநீர் போகும்போது எரிகிற சலக்கடுப்பு வந்தது. மருந்து கொடுத்தால் மாறும், அடுத்த மாதம் அதே ஆள் வந்து நிற்பாள். "தண்ணி நிறையக் குடியுங்கோ" என்று டிலோஜினியும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கடைசியில் ஒரு நாள் அருளம்மா என்கிற பெண்தான் எரிச்சலோடு கேட்டாள்: "குடிச்சா எங்க போறது மிஸ்ஸி? வாடியில கக்கூஸ் இருக்கோ?" அன்றைக்குத்தான் டிலோஜினி தடித்த மட்டை போட்ட முதலாவது சீஆர் கொப்பியை வாங்கினாள். யார், என்ன வயது, எத்தனை மணித்தியாலம் வெயிலில், எத்தனை கப் தண்ணீர், எத்தனை தரம் காய்ச்சல். அப்படியே ஐந்து வருடம், நாலு கொப்பி, நாற்பத்து மூன்று பெண்கள். கந்தோரில் யாரும் கேட்கவில்லை. அவளாக எழுதினாள்.

இதைக் கேட்டதும் யசோதரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு அழைப்பு. திறந்த பல்கலைக்கழகத்தில் அவள் தாதியியல் பட்டம் முடித்திருப்பது போதும் என்றார். அவளுக்கு மூன்று வழி இருக்கிறதாம். ஒரு வருட டிப்ளோமா, அதால் பெரிய பிரயோசனமில்லை. இரண்டு வருடப் பொதுச்சுகாதார முதுமாணி, சனி ஞாயிறு வகுப்பு, சோதனை, கடைசியில் சின்னதாய் ஓர் ஆய்வு. மூன்றாவது முதுதத்துவமாணி, எம்.பில். அதில் வகுப்பும் இல்லை, சோதனையும் இல்லை, முழுக்க ஆய்வு. அவர்தான் மேற்பார்வையாளர், கட்டணத்தை அவருடைய ஆய்வுத் திட்டம் கட்டும். "உங்களிட்டத் தரவு றெடியா இருக்கு மிஸ். மூண்டாவதை விட்டிட்டு வேற ஒண்டை எடுக்கிறது விசர்." விண்ணப்பத்தை அவரே இறக்கி, மூன்றாவதற்கு நேரே இருந்த கட்டத்தில் அவரே சரி போட்டுத் தபாலில் அனுப்பியிருந்தார். அதுதான் அவளுக்கு இடித்தது. தன் படிப்புக்குத் தான் போட வேண்டிய சரியை இன்னொருவர் ஏன் முந்திப் போட வேண்டும்?

செவ்வாய்க்கிழமை, கந்தோரில் கணினியில் தரவு பதிகிற ஸஜானாவிடம் அவள் மெல்லக் கேட்டாள். "இந்த ஆள் முன்னம் என்னென்ன எழுதியிருக்கிறார் எண்டு தேடிப் பாப்பமோ?" ஸஜானா முசலிப் பக்கத்துப் பிள்ளை. கேள்வி கேட்காமல் வேலையைச் செய்வாள். பத்து நிமிடத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, இங்க வாங்கோ. இது உங்கடதோ?"

கொழும்பில் அடுத்த மாதம் நடக்கப்போகும் ஒரு மாநாட்டின் பட்டியல். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தலைப்பை ஸஜானா தமிழில் சொன்னாள்: வடமேற்குக் கரையோரக் கருவாட்டு வாடிப் பெண்களும் சலத்தொற்றும், நாற்பத்து மூன்று பேரிடம் ஓர் ஆய்வு. கீழே மூன்று பெயர்கள், முதலாவது யசோதரன். டிலோஜினி திரையில் விரலை வைத்து மூன்று பெயரையும் திரும்ப வாசித்தாள். மாதிரிக்கு என்று அவர் கேட்டபோது, கூட்டுத்தொகை எழுதியிருந்த கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பியது ஞாபகம் வந்தது. கூடவே, வெட்கப்படுமளவுக்கு ஒரு திருப்தியும் வந்தது. தான் சந்தேகப்பட்டது சரி.

புதன்கிழமை யசோதரன் ஒரு கருத்தரங்குக்காக மன்னாருக்கு வந்தார். பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள தேநீர்க்கடையில் சந்திப்போம் என்று அவள்தான் சொன்னாள். வாசலில் ஒரு கழுதை வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நின்றது. அவர் அதைச் சுற்றி வந்து, சிரித்தபடி உட்கார்ந்தார். அவள் தொலைபேசியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் முகம் மாறவில்லை. அவள் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை.

"ஓ, பாத்திட்டீங்களோ? நானே சொல்லுவம் எண்டிருந்தனான். இது வெறும் சுருக்கம் மிஸ். நிதி எடுக்கிறதுக்கு ஒண்டு காட்ட வேணும். நீங்கள் இன்னும் பதிஞ்ச மாணவி இல்லைத்தானே? பதிஞ்சாப் பிறகு உங்கட பேர் வரும்."

"எத்தினையாவதா வரும் டொக்டர்?"

"அதெல்லாம் பிறகு கதைக்கலாம்."

"நான் வகுப்புக்குப் போற படிப்பையே எடுக்கிறன்" என்றாள் டிலோஜினி. சொல்லும்வரை அவளுக்கே அது தெரியாது. "முதுமாணி."

"ரெண்டு வருசம் சனி ஞாயிறு பஸ்ஸில அடிபடப் போறீங்களோ? ம். அப்ப கொப்பி?"

"என்னட்டையே இருக்கட்டும்."

யசோதரன் தேநீரை ஆற்றினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. அந்த நாப்பத்து மூண்டு பேரிட்டையும் எழுத்தில சம்மதம் வாங்கினனீங்களோ?"

அவள் தொலைபேசியை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"வாங்கேல்ல. அப்ப நீங்கள் எந்தப் படிப்புப் படிச்சாலும் அந்தக் கொப்பியை வெளியில எடுக்கேலாது. நெறிமுறைக் குழு முதல் கேள்வியே அதைத்தான் கேக்கும். நான் கதைச்சுச் சரிப்பண்ணுவன் எண்டுதான் தரச் சொன்னனான்."

அது உதவியா, மிரட்டலா? விறாந்தையில் குரலைப் போட்டுக் கேட்டதுபோல் அந்த வசனத்தையும் மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பிடிபடவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் வீடு வரும்வரை அரித்தது. அன்று பின்னேரமே ஸஜானாவைக் கொண்டு தமிழில் ஒரு சம்மதப் படிவம் அடிப்பித்தாள். யசோதரன் அனுப்பியதைக் கிழித்துவிட்டுப் புது விண்ணப்பத்தில் முதுமாணிக்கு நேரே தன் கையாலேயே சரி போட்டாள்.

வியாழன் காலை வெள்ளெனவே ஸ்கூட்டியில் வாடிக்குப் போனாள். வள்ளங்கள் வந்து கனநேரம். பெண்கள் வட்டமாய்க் குந்தியிருந்து மீனைக் கீறிக் குடலை எறிந்துகொண்டிருந்தார்கள். உப்புத் தொட்டியைச் சுற்றி ஈ. காற்றே மீனாய் மணத்தது. டிலோஜினி நறுவிலிக்குளத்தில் பிறந்து, கலியாணம் முடித்துத் தீவுக்கு வந்தவள். இந்த மணம் இன்னும் பழகவில்லை. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

"என்ன மிஸ்ஸி, இண்டைக்கு மருந்துப் பெட்டியைக் காணேல்ல?" என்றாள் அருளம்மா. ஐம்பத்திரண்டு வயது. அங்கே அவள் சொன்னால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

டிலோஜினி படிவத்தை நீட்டினாள். அருளம்மாவின் கையில் மீன் இரத்தம். வாங்கவில்லை. "சுவேதினி, நீ வாசி." சாதாரண தரம் வரை படித்த சுவேதினி, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு உரக்க வாசித்தாள். "எனது உடல்நலம் பற்றிய தகவல்களைப் பட்டப்படிப்பு ஆய்வுக்குப் பயன்படுத்த நான் சம்மதிக்கிறேன்."

"ஆற்ர பட்டப்படிப்பு?"

"என்ர, அக்கா" என்றாள் டிலோஜினி.

கத்திகள் ஒவ்வொன்றாய் நின்றன.

"அஞ்சு வருசமா வந்து வந்து கேட்டியள்" என்றாள் அருளம்மா. குரலை உயர்த்தவில்லை. "மருந்துக்குத்தான் எண்டு நினைச்சுச் சொன்னம். என்ர மனுசனுக்கே சொல்லாத கதையளையும் சொன்னன். அப்ப அதெல்லாம் நீங்கள் படிச்சு மேல போறதுக்கோ?"

"அப்பிடியில்லை அக்கா—"

"போன வருசமும் கொஞ்சப்பேர் கொப்பியோட வந்தவை. மண்ணுக்குள்ள கனியம் இருக்காம், தோண்டிப் பாக்கவாம். ஒரு கையெழுத்துத்தானே எண்டுதான் அவையும் கேட்டவை."

"இது எல்லாம் முடிஞ்சாப் பிறகு உங்களுக்கும் நல்லது வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்த டிலோஜினி பாதியில் நிறுத்தினாள். தன் குரல் எவ்வளவு இதமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. எத்தினையாவதா வரும் என்று இவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வாள்? கொப்பியில் நாற்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. எந்த ஆய்விலும் அந்தப் பெயர்கள் வரப்போவதில்லை. அதையும்கூட அவர்களுடைய நல்லதுக்கு, அடையாளம் தெரியாமலிருக்க, என்றுதான் சொல்வார்கள்.

"என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கு? அதை வாசி" என்றாள் அருளம்மா.

டிலோஜினி முதலாவது கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். இதுவரை வேறு ஒருவர் கையிலும் அதைக் கொடுத்ததில்லை. சுவேதினியின் ஈர விரல் தாளில் பதிந்தது. "அருளம்மா. காலை ஐந்து தொடக்கம் பின்னேரம் நாலு வரை. தண்ணீர் ஒரு கப். மலசலகூடம் இல்லை. ஒதுங்குமிடம், பத்து நிமிட நடை."

அருளம்மா சிரித்தாள். "பத்து நிமிசமோ? ஆர் நடந்து பாத்தது?"

"நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"நீங்கள் கேட்டியள், நான் வாயில வந்ததைச் சொன்னன். நடந்து பாத்தனீங்களோ?"

இல்லை. ஐந்து வருடத்தில் ஒரு தரமும் அவளுக்கு அது தோன்றவில்லை. வாடிக்கு வருவாள், எழுதுவாள், சலம் முட்டினால் கந்தோருக்குத் திரும்பிப் போய்விடுவாள்.

அருளம்மா கையைக் கழுவினாள். படிவங்கள் காற்றில் பறக்காமல் மேலே ஒரு உப்புக் கட்டியைத் தூக்கி வைத்தாள். கையெழுத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "வாங்கோ" என்றாள். சுவேதினி ஒரு பழஞ்சீலையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

மீன் காயப்போட்ட பந்தல்களைத் தாண்டி, வலை பொத்துகிற ஆம்பிளைகளுக்கு முன்னால் நடக்க வேண்டியிருந்தது. எங்கே போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டிலோஜினி தலையைக் குனிந்தாள். மணல் செருப்பை உள்ளே இழுத்தது. தூரத்தில் காற்றாலைகள் ஒரே சீராய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் போய், பதினைந்தும் போனது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். முள்ளு உடைமரப் பற்றை வந்தபோது மூச்சு வாங்கியது. அதற்கு அந்தப் பக்கமாய் ஒரு மணல் பாதை போனது.

"போங்கோ" என்றாள் அருளம்மா.

"எனக்கு இல்லை அக்கா."

"விடியக் காலமை வெளிக்கிட்டது. இருக்கும்."

இருந்தது. அரை மணித்தியாலமாய் அடக்கிக்கொண்டுதான் நடந்து வந்திருந்தாள். இரண்டு பேரும் சீலையின் இரண்டு தலைப்பையும் பிடித்து விரித்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். டிலோஜினி முள்ளுக்கு நடுவே குந்தினாள். அதே நேரம் மணல் பாதையில் ஒரு உழவு மெசின் சத்தம் கேட்டது. சுவேதினி உரக்க இருமினாள். சத்தம் கிட்ட வந்து, நின்றது. எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"பொறுங்கோ மிஸ்ஸி."

அவள் பாதியில் உடம்பை இறுக்கிக்கொண்டாள். அடிவயிறு கடுத்தது. காற்று சீலையை உப்பவைத்து அவள் முகத்தில் ஒட்டியது. அதன் மெல்லிய துணிக்கூடாக இரண்டு முதுகுகள் ஒன்றோடொன்று நெருங்குவது தெரிந்தது.

"போயிட்டானோ அக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் போகேல்ல" என்றாள் அருளம்மா, திரும்பாமலே.