புட் அப் செய்யவும்

என் கணவர் ஸ்ரீனிவாசராகவன் கொல்கத்தா அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. ‘சரி’ என்றும் சொல்ல வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறார்: புட் அப்.

கீழே இருப்பவர் விவரம் எழுதி மேலே அனுப்ப வேண்டும், மேலே இருப்பவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆபீசில் அதற்குப் பெயர் புட் அப். அங்கே எப்படியோ போகட்டும். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டிலும் மிக்ஸி மாற்றுவதென்றால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அவர் மேஜைமேல் வைக்க வேண்டும். நான் எம்.ஏ. ஆங்கிலம். குடையை விரித்தாலும் புட் அப், தெருமுனையில் பூஜைக்குப் பந்தல் போட்டாலும் புட் அப், வந்த விருந்தாளிக்குப் படுக்க இடம் கொடுத்தாலும் அதேதான் என்று தெரிந்தவள். கூடவே ஒரு ‘வித்’ சேர்த்தால் பொறுத்துப் போவது என்று அர்த்தம். அதை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுசாகக் கற்றேன்.

இந்த வருஷம் துர்கா பூஜைக்கு என் தம்பி ஜெய்ராம் திருச்சியிலிருந்து வருகிறேன் என்றான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. ‘வாடா’ என்று உடனே சொல்லிவிட்டேன். அவனும் டிக்கெட் வாங்கிவிட்டான். பிறகுதான் இவரிடம் சொன்னேன்.

“யாரு, சிரிக்கிறவனா?” என்றார்.

ஜெய்ராம் சிரிப்பு யோகா செய்பவன். போன தடவை வந்தபோது விடியற்காலையில் பால்கனியில் நின்று, ‘ஹா ஹா, ஹோ ஹோ’ என்று ஊரைக் கூட்டினான். மாடிவீட்டு வங்காளி அண்ணன் முகர்ஜி தாதா, யாருக்கோ வலிப்பு வந்துவிட்டதென்று சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். அன்றிலிருந்து லிஃப்டில் இவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

“ஏன்னா, பூஜைக்கு வரான். நம்மாத்துலதான் தங்கணும்.”

“புட் அப் பண்ணு, பாக்கலாம்.”

பண்ணினேன். ‘பேசவும்’ என்று எழுதித் திரும்பி வந்தது. பேசினேன். ‘முன்பு தங்கியபோது ஏற்பட்ட அனுபவம் குறித்து விளக்கம் தருக’ என்றார். தந்தேன். ‘பக்கத்தில் டாக்குரியாவில் லாட்ஜ் வசதி உள்ளதா?’ என்று மறுபடி வந்தது. கூடப்பிறந்தவன் லாட்ஜில் படுத்துக்கொண்டால் நான் இங்கே யாருக்கு அடை வார்ப்பது? அழுகையாக வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவனோ அதற்குள் சென்னையில் ரயிலேறி, ‘நாளைக்கு ஹௌராவில் இருப்பேன் அக்கா’ என்று செய்தி அனுப்பிவிட்டான்.

அன்று ஞாயிறு. சாப்பிட்டதும் இவர் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

“நான் லீவுல இருக்கேன். யார் வந்தாலும், எது வந்தாலும் நீயே பாத்துக்கோ.”

வாராவாரம் சொல்வதுதான். அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. ஆபீசில் ஒருவர் லீவில் போனால் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட இன்னொருவர் உண்டு. லிங்க் ஆபீசர் என்பார்கள். இந்த வீட்டில் என்னை விட்டால் வேறு யார்? மேஜைமேல் கிடந்த காலண்டர் தாளை எடுத்தேன். அவருடைய பச்சை மைப் பேனாவைத் திறந்து, ‘அனுமதிக்கப்பட்டது. மாதவி, லிங்க் ஆபீசர்’ என்று எழுதித் தேதியும் போட்டேன்.

எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இது செல்லாது, மாது.”

“லீவுன்னு நீங்கதானே சொன்னேள்?”

ஃபேனைப் பார்த்தார். “ரெவ்யூ பண்ணலாம்,” என்றார் கடைசியில்.

“தாராளமா. ஆனா அதுக்கும் கீழேர்ந்துதானே ஃபைல் வரணும்? புட் அப் பண்ண வேண்டியவ நான். பண்றதா இல்லை.”

அவருடைய சர்வீசில் இப்படி ஒரு முட்டுச்சந்தில் அவர் நின்றதே கிடையாது. ஆனால் விதி விதிதான், அதை மீற அவருக்குக் கை வராது. சாயங்காலம் முணுமுணுத்துக்கொண்டே ஹாலில் கொசுவலை கட்டினார். மறுநாள் ஹௌராவுக்கும் அவரே போய் ஜெய்ராமை அழைத்து வந்தார்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாகப் பால்கனியில், ‘ஹா ஹா, ஹோ ஹோ’.

வாசல் மணி விடாமல் அடித்தது. முகர்ஜி தாதா, தலை கலைந்து, இந்தத் தடவை சாவிக்கொத்து இல்லாமல் நின்றார். இதற்கு இப்போதே ஒரு முடிவு வேண்டும் என்று ஆங்கிலத்தில் கொதித்தார். இவர் ‘ஆமாம் தாதா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெய்ராம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்குரியாவுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, “அத்திம்பேர், நீங்களும் வாங்கோ, நன்னா இருக்கும்!” என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது.

இவர் பால்கனிப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிமிர்ந்தார்.

“சர்ட்டன்லி, தாதா,” என்றார். “ரைட்டிங்கில் கொடுங்கள். ப்ளீஸ் புட் அப்.”