ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய கார்

தேவகுமார் மூன்று மாதங்களாகக் கார் வாங்கிக்கொண்டிருந்தான். கைப்பேசியில்.

பழைய கார் வாங்குவது எப்படி என்று யூடியூபில் எத்தனை பேர் பேசியிருக்கிறார்களோ, அத்தனை பேரும் அவனுக்கு ஆசான்கள். அவன் ஊரான காரோட்டில் எவன் வீட்டு முற்றத்தில் பழைய வண்டி நின்றாலும் குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பான். துரு தென்பட்டால் துக்க வீட்டுக்கு வந்தவன் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவான். லைசன்ஸ் இருந்தது. அனுபவம் இருந்தது ஸ்கூட்டரில் மட்டும்.

கார் அவனுக்காக அல்ல. அக்கா ரத்னபாய்க்காக. அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், விடிவதற்கு முன்பே கிளம்பி, நெய்யாற்றின்கரை தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸுக்குப் படுக்க வேண்டும். பிந்தினால் மெஷின் அடுத்த ஆளுக்கு. பேசி வைத்த ஆட்டோக்காரன் போன மாதம் ஒரு நாள் வரவேயில்லை. மறுநாள் அக்காவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

ஆக, வாங்கும் கார் அழகாக இருக்க வேண்டாம். இருட்டில் சாவியைத் திருகினால் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேவகுமார் படித்து வைத்திருந்தான்.

அக்காவோடு முதலில் போனது திருப்புறத்துக்கு. அங்கே ஜெயன் என்று ஒரு மருந்துக் கம்பெனி ரெப். கொல்லத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே வாழ்நாளைக் கழிப்பவன். அவனுடைய வெள்ளைக் காரின் மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது.

"மூணு லெட்சமா?" பாம்பை மிதித்தவன் போலத் தேவகுமார் பின்வாங்கினான்.

"பின்னெ? காரு ஓடத்தானே? எல்லாம் ஹைவே ஓட்டமாக்கும். ஆயிலு தவணை தப்பாம மாத்தியிருக்கேன். கிளச்சு புதுசு. ஏசி கொஞ்சம் நாறும். பின்சீட்டுல ஒரு கிழிசல் உண்டு. பின்னாடி ஷாக் அப்சார்பர் நீதான் மாத்திக்கணும்."

குற்றத்தைத் தானாக வந்து ஒப்புக்கொள்பவனைப் போலீஸ்கூட நம்பாது. தேவகுமார் நம்புவானா?

"மக்கா, நான் சொல்லுததை நம்பாண்டாம். ஒரு நாளு விடியும்முன்னே, வெளுப்பிலே வா. எஞ்சின் தணுத்துக் கிடக்கும். பானெட்டைத் தொட்டுப் பாத்துட்டு நீயே ஸ்டார்ட் ஆக்கு. சூடா இருக்கும்போ எந்த வண்டியும் நல்ல பிள்ளைதான். தணுத்துக் கிடக்கும்போதான் அதுக்க குணம் தெரியும்."

"பாக்கேண்ணே," என்றான் தேவகுமார். பார்க்க மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது.

திரும்பும் வழியில் ரத்னபாய் கேட்டாள். "பய நேரே பேசுதான், இல்லியாலே?"

"அக்கா, மூணு லெட்சம் கிலோமீட்டர்! சந்திரனுக்கே போயிரலாம்."

"சந்திரனுக்குப் போற வண்டி ஆஸ்பத்திரிக்குப் போவாதாலே?"

யூடியூபில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் பாறசாலை. ராபின்சன் வீடு.

ராபின்சன் பழைய வண்டி விற்பவன். அவர்கள் போகும் தேவாலயச் சபைக்காரன்தான். பேச்சில் தேன் ஒழுகும். அவன் விற்ற வண்டிகளில் ஆயில் ஒழுகும். ஷெட்டுக்குள் ஒரு சிவப்புக் கார் புதுப்பெண் போல நின்றது. மார்த்தாண்டத்து நம்பர். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கினால் விலை குறைவு. இந்தப் பக்கம் கொண்டுவந்து நம்பர் மாற்றி வரி கட்டும்போது அந்தக் குறைவு காணாமல் போய்விடும். இது எல்லையோரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வாங்குவார்கள்.

"டீச்சரம்மைக்க வண்டி, பிரதர். ஞாயித்துக்கிழமை சபைக்கு மட்டும் ஓடினதாக்கும். மீட்டரைப் பாருங்க. அம்பதாயிரம் தொடலே."

தேவகுமாருக்குக் கண் கலங்கியது. பதின்மூன்று வயதுக் காருக்கு இப்படி ஒரு கற்பா!

பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. டீச்சரம்மை வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு பாவத்துக்கும் பிரேக் பிடித்திருப்பாள் போல. தேவகுமார் அதைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாரமா எடுக்கவே இல்லே, பிரதர். ஷெட்டுலேயே கிடக்கு. இப்போ சாவி போட்டா சிங்கம் போலக் கிளம்பும். போடட்டா?"

"இரிங்க," என்றாள் ரத்னபாய். "ஜெபிக்காண்டாமா?"

வண்டி வாங்கும்போது சபைக்காரர்கள் கைவைத்து ஜெபித்த பிறகே சாவியைத் தொடுவது வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. சபைக்காரன் விற்கும் வண்டிக்கு மெக்கானிக்கைக் கூட்டிவருவது விசுவாசக் குறைவு. தேவகுமார் விசுவாசி. மெக்கானிக்குக்குப் பதிலாக, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியான அக்காவைக் கூட்டிவந்திருந்தான்.

ரத்னபாய் முக்காடு போட்டு, கண்ணை மூடி, பானெட்டில் கைவைத்தாள்.

வெடுக்கென்று எடுத்தாள்.

ஒரு நொடி ராபின்சனைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை மடித்து வைத்து, அதன்மேல் கையை வைத்து ஆரம்பித்தாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஒரு வாரம் அனங்காமக் கிடந்த வண்டிக்கு இப்பிடிக் காய்ச்சல் அடிக்குதே, கர்த்தாவே! பேதுருவுக்க மாமிக்குக் காய்ச்சலை எறக்கினவரே, இதுக்கும் எறக்கும்! எறங்காம நான் இந்த எடத்தை விட்டு நவுர மாட்டேன்!"

அக்கா ஆவியில் நிறைந்துவிட்டாள் என்று தேவகுமார் உருகினான். ராபின்சனும் உருகினான். அவனுக்கு உருகியது வேர்வை.

"ஆமென்," என்றான் அவன், சற்று முன்கூட்டியே.

ரத்னபாய் காதில் வாங்கவில்லை. வண்டியின் நான்கு சக்கரங்களுக்காக ஜெபித்தாள். களியிக்காவிளை முதல் திருவனந்தபுரம் வரை சாலையில் உள்ள குழிகளுக்காக ஜெபித்தாள். பொழியூரில் கடல் எடுத்த வீடுகளுக்காக ஜெபித்தாள். தன் சிறுநீரகங்களின் சாட்சியை ஆதிமுதல் சொன்னாள்.

"ஆமென்! வண்டியைக் கொஞ்சம்..." என்று ராபின்சன் சாவியை எடுத்தபோது, உள்ளேயிருந்து அவன் மனைவி லிஜா பால் விடாத கட்டன் சாயாவோடு வந்தாள். ஜெபத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருந்தாள்.

"அக்கா, எனக்க கால் முட்டு வேதனைக்கும் ஒண்ணு ஜெபிக்கணும்."

"அதை உள்ள போய்ப் பண்ணுங்களேன். நாங்க இங்க வண்டியை..." என்றான் ராபின்சன்.

"எனக்க முட்டை விட ஒங்களுக்கு வண்டி பெருசாப் போச்சா?"

முட்டுக்காக ஜெபம். மகனின் விசாவுக்காக ஜெபம். லிஜாவுக்குப் பிடித்த பாட்டு, கடைசிச் சரணம் வரைக்கும். நடுவில் மழை வந்தது, நின்றது. கட்டன் சாயா ஆறிப்போய் இரண்டாவது முறை வந்தது. ராபின்சன் மட்டும் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், சவப்பெட்டியைப் பார்ப்பது போல.

ரத்னபாய் கடைசியில் வெறுங்கையால் பானெட்டைத் தடவினாள்.

"காய்ச்சல் எறங்கிட்டு. ஆமென். இப்போ சாவி போடு மக்கா."

தேவகுமார் சாவியைத் திருகினான்.

கிர்ர்ர். அமைதி.

மறுபடி திருகினான். கிர்ர்ர். பெருமூச்சு. அமைதி.

"மழைத் தணுப்பு, பிரதர்," என்றான் ராபின்சன். குரல் கம்மியிருந்தது.

அடுத்த திருகலில் சிங்கம் எழுந்தது. கருங்கல் உடைக்கும் மெஷின் போல டமடமவென்று அடித்தது. பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பி ஷெட்டை நிறைத்தது. புகைக்குள்ளிருந்து லிஜாவின் இருமலும், அதைத் தொடர்ந்து அவள் குரலும் வந்தன.

"இதுக்குத்தானா காலையிலே அவ்வளவு நேரம் ஸ்டார்ட் ஆக்கி ஓட விட்டீய? கேட்டதுக்குப் பேட்டரிக்கு நல்லதுன்னு சொன்னீய!"

ராபின்சனுக்கு அந்தப் புகை போதவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் முழுசாக மறைந்திருக்கலாம்.

அப்போதும் தேவகுமார் தளரவில்லை. "அக்கா, சின்ன சென்சார் ஏதாவது போயிருக்கும். அம்பதாயிரந்தானே..."

"எலே, நாளைக்கு வெளுப்பிலே நடுரோட்டுல இது இப்பிடி இருமிட்டு நின்னா, என்னைய நீயா ஆஸ்பத்திரிக்குச் சுமந்திட்டு போவ?"

தேவகுமார் சாவியைக் கழற்றினான். இந்த முறை மீட்டரை விட்டுவிட்டு, தேய்ந்த பிரேக் பெடலைப் பார்த்தான்.

மறுநாள், காக்கை கரையும் முன் திருப்புறம். ஜெயன் லுங்கியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். "இன்னைக்கு இதுலேயே அக்காவைக் கொண்டு போயிட்டு வா. பிடிச்சா எடு. இல்லேன்னா விட்டுரு."

ரத்னபாய் பானெட்டைத் தொட்டாள். பனி விழுந்து சில்லென்று கிடந்தது. தேவகுமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினான்.

ஒரே திருகல். கார் முனகக்கூட இல்லை. ஏசி மட்டும் வாக்களித்தபடி நாறியது.

அக்கா கிழிந்த பின்சீட்டில் ஏறி, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தாள். தேவகுமார் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ஜெபிக்கலியா?"

"மூணு லெட்சம் ஓடியும் இருமாத வண்டிக்கு நான் என்னத்த ஜெபிக்க? ஓட்டுதது நீயாக்கும். ஒனக்கு வேணும்னா ஒண்ணு செய்யலாம்."

முன்னால் சாய்ந்து தம்பியின் தலையில் கைவைத்தாள்.

மூன்று மாதம் யூடியூப் ஓடிய தலை சூடாகத்தான் இருந்தது.