பிரசவ அறைச் சாவி பற்றிய தீர்மானம்

குடிமக்கள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே ஆளும் யுகம் 1978ஆம் வருடம் தை மாதம் புதுச்சேரியில் பிறந்தது. பிறந்த இடம், மில்லுக்குப் பின்னாலிருந்த அரசு மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறை. ஆலோசனைக் குழுவில் ஏழு பேர், நாற்காலி ஆறு. பொதுமக்களின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்ட கண்ணையன், டிங்சர் வாடையில், சுவரோரம் நின்றுகொண்டார். மில்லில் இருபத்தைந்து வருடம் நின்றே வேலை பார்த்தவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

தலைவர் கிருஷ்ணசாமி, பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஐயா என்பதைவிட 'முசியே' என்று அழைத்தால்தான் அவருக்குப் பிடிக்கும். மக்கள் வாய் திறந்தால்தான் மருத்துவமனை கண் திறக்கும் என்று அரைமணி நேரம் பேசினார். பிறகு, "பொதுமக்கள் தரப்புல ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கண்ணையன் வாய் திறந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க முசியே. பிரசவ ரூம் கட்டி ரெண்டு வருசமாச்சு. மதியம் ஒரு மணிக்கு டாக்டரு பூட்டி, சாவியக் கையோட எடுத்துக்கினு போயிட்றாரு. நர்சம்மா சாயந்திரம் வரைக்கும் இங்கதான் இருக்காங்க. அவங்ககிட்ட சாவியக் குடுத்துட்டுப் போவச் சொல்லுங்க. வயித்துல இருக்கறது மணி பாத்தா வருது? எம் பொண்ணு அமிர்தவல்லிக்கே இப்ப ஏழாம் மாசம்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தபடியே ஒப்புக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேற, தலைவர் தடித்த நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'புரோசே வெர்பால்', அதாவது பிரெஞ்சில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. ஒரு கூட்டத்தில் எழுதியதை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டி, உறுப்பினர்கள் கை தூக்கி, அவர் கையெழுத்தும் போட்ட பிறகுதான் அதில் உள்ள எதற்கும் உயிர் வரும். மேரியில் அப்படித்தான் வழக்கம். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. இதை அவர் கண்ணையனிடம் சொல்லவில்லை. உலகத்துக்கே தெரிந்த விஷயத்தை யாரும் தனியாகச் சொல்வார்களா?

மில் வாசல் டீக்கடையில் கண்ணையன் 'மெம்பர்' ஆகிவிட்டார். "மெம்பரே, எனக்கு மூலம். அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டு வுடேன்" என்பான் கூட வேலை செய்யும் கலியபெருமாள். கண்ணையன் முறைப்பார், உள்ளுக்குள் இனிக்கும்.

பங்குனியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமிர்தவல்லிக்கு வலி கண்டது.

"பெரியாஸ்பத்திரிக்கே போயிடலாம். தலைச்சன் பிள்ள" என்று ரிக்‌ஷாவை நிறுத்தினாள் மனைவி தனக்கொடி.

"நம்ம மருந்தகத்தத் தாண்டி நானே போனா ஊரு இன்னா சொல்லும்? தீர்மானம் போட்டாச்சுடி."

"ஆமா, தீர்மானம் வந்து பிள்ள புடிக்கப் போவுது."

சொன்னாளே தவிர, ரிக்‌ஷா மருந்தகத்துக்குத்தான் போனது.

நர்ஸ் கமலவேணி ஓடிவந்து பூட்டைக் காட்டினாள். "சாவி டாக்டர்கிட்டதான்யா இருக்கு. எனக்கு ஆர்டரே வரலியே."

"தீர்மானம் போட்டமேம்மா. நானும் இருந்தேனே."

"நீங்க போட்டீங்க. எங்கிட்ட யாரு சொன்னாங்க?"

பூட்டை உடைத்துவிடலாம் என்றான் ரிக்‌ஷாக்காரன். அரசாங்கப் பூட்டு, கை வைக்கக் கூடாது என்று தடுத்தவர் கண்ணையன்தான். டாக்டர் வீட்டுக்கு ஆள் போனது. பெஞ்சில் படுத்திருந்த அமிர்தவல்லி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அரைமணி கழித்துத் திரும்பி வந்த ஆள், டாக்டர் கல்யாணத்துக்குக் கடலூர் போயிருக்கிறார் என்றான். ரிக்‌ஷா மறுபடி புறப்பட்டது.

பெரியாஸ்பத்திரியில் இறக்கியதுமே உள்ளே கொண்டுபோனார்கள். தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை ஆண்; அழவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று அங்கிருந்த டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

தனக்கொடி அதைப் பற்றிப் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். அமிர்தவல்லி பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்ததும் துணிமணியை எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். "வர்றம்பா" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சித்திரையில் கூட்டம். 'எம் பேரனக் கொன்னது உங்க நோட்டுதான். அதுக்குத் துணை நின்னவன் நானு' என்று வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார் கண்ணையன். இந்த முறை அவருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காராமல், "முசியே, நான் ஒண்ணு பேசணும்" என்றார்.

"பேசலாம், பேசலாம். எதுக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல புரோசே வெர்பால். உக்காருங்க."

உட்கார்ந்தார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தார். "பொதுமக்கள் பிரதிநிதி திரு. கண்ணையன் அவர்கள் தெரிவித்த மேலான யோசனையின்படி, பிரசவ அறையின் சாவி செவிலியரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்." கண்ணையனின் பெயரை அவ்வளவு மரியாதையாக யாரும் அதுவரை படித்ததில்லை.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

முதலில் தூக்கிய கை கண்ணையனுடையது.