தாட்சாயணி தள்ளிவிட்ட துணி

1

இந்தக் கதை முழுக்க என்னுடையது இல்லை. திருப்பதியில் நான் போகும் மாலைநேர வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கன்னிகா, தன் அத்தை தாட்சாயணியைப் பற்றிச் சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னதால் பாதி காதில் விழவில்லை. அந்தப் பாதிதான் என்னுடையது.

முதல் தொடக்கம்: நாகலாபுரத்தின் மேல் விடியல் மெல்ல—

(வேண்டாம். துணிப் பரிசோதனை நடந்தது பகல் பதினோரு மணிக்கு.)

இரண்டாம் தொடக்கம்: தாட்சாயணி பதினான்காம் எண் துணியைத் தள்ளிவிட்டாள்.

இது பரவாயில்லை.

2

நாகலாபுரத்தில் ஒரு கலங்காரிச் சங்கம். மூங்கில் பேனாவால் துணியில் படம் எழுதுகிறவர்கள் வருடத்துக்கொரு முறை வேலையைக் காட்டித் தேறினால்தான் சங்க அட்டை. அட்டை இருந்தால்தான் திருப்பதி கண்காட்சியில் கடை. யார் கை என்று தெரியக்கூடாதல்லவா, அதனால் செயலாளர் ஏகாம்பரம் ஒவ்வொரு துணியிலிருந்தும் உள்ளங்கை அகலத் துண்டு வெட்டி எண் மட்டும் போட்டு வைப்பார். பரிசோதகரின் துணியும் அந்தக் குவியலில்தான்.

தாட்சாயணி பரிசோதகர் நாற்காலியில் உட்காருவது அன்றுதான் முதல்முறை. (அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். கன்னிகா உயரம் சொல்லவில்லை.)

"இந்தப் பதினாலப் பாரு. கோடு நடுவுல மூச்சு வாங்குது. பேனாவத் தூக்கிட்டு மறுபடி வெச்சிகிறாங்க. ஃபெயில்."

"கொஞ்சம் பார்த்துப் போடுக்கா," என்றார் ஏகாம்பரம்.

"பார்த்துக்கினுதான் கீறேன். டீக்குப் போற அவசரத்துல எழுதினது அது."

அதே தப்புக்கு இன்னும் ஐந்து துண்டுகளைத் தள்ளினாள். பிறகு எந்த எண் யாருடையது என்று எழுதிய பதிவேட்டைத் திறந்தார்கள். பதினான்கு: தாட்சாயணி.

3

அவள் இடிந்துபோய்—

(இல்லை. சிரித்தாளாம். கண்காட்சிக் கடைக்காக ஏழு மாதமாகத் துணி எழுதி அடுக்கியிருப்பது நினைவுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றதாம்.)

"துண்டு வெட்டினவன் நீதான? முன்னாடியே சொல்றதுக்கின்னா?"

"சொன்னா விதி போச்சேக்கா."

முடிவு அ: பதிவேட்டில் அவள் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். அந்த ஐந்து பேரின் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை.

முடிவு ஆ (கன்னிகா சொன்னது இந்தச் சண்டைவரைதான், அதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது):

"பாஸ்னு போட்டுக்கிறேன், வுடுக்கா."

"நான் ஃபெயில்னா ஃபெயில்தான். என்னுத மட்டும் பாஸ் பண்ணா அந்த அஞ்சு பேரு என்னத் தெருவுல நடக்க வுடுவாங்களா?"

"உன் துணிக்கு நான் வக்காலத்து வாங்கறேன், நீ எதிர்க்கட்சி ஆடறியா?"

"கோட்டப் பாருய்யா மொதல்ல."

பார்த்தார். "நல்லாத்தான் கீது."

"அப்ப உனுக்குக் கண்ணு போயிச்சு."

4

தள்ளிய துணிக்கு யாராவது எதிர்ப்புச் சொன்னால், மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்பது சங்க விதி. துணி யாருடையதென்று அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஏகாம்பரம் சொன்னதே எதிர்ப்புதான்; ஆனால் இவர்கள் போட்ட சத்தத்தில் துணி யாருடையதென்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

உங்களைக் கேட்கலாம் என்றுதான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் இரண்டாம் பகுதியிலேயே பதிவேட்டைத் திறந்து காட்டிவிட்டேனே. இனி நீங்களும் அந்த மூன்றாம் ஆள் ஆக முடியாது. தவறு என்னுடையது.

ஆகவே, இதைப் படிக்காத ஒருவரைப் பிடியுங்கள். பெயரைச் சொல்லாமல் துண்டை மட்டும் அவர் கையில் கொடுங்கள். கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள்தான். தாட்சாயணியின் அட்டை கையெழுத்து இல்லாமல் மேசைமேல் கிடக்கிறது.