மாலுமி யார் வீட்டுக்கு வந்தான்

கிண்ணியா ஊர்க்காரன் நஸ்ரிக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. கடலைப் பற்றி எந்தப் பேச்சு எழுந்தாலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது அவன் கொள்கை. அந்தக் கொள்கைதான் அவன் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

அவனுக்குப் பேசி முடித்திருந்த ரிஸ்லா ஒரு படம் பார்த்துவிட்டு, அவனையும் பார்க்கச் சொன்னாள். கல்யாணமான கையோடு கப்பலேறிய மாலுமி ஒருவன். கப்பல் உடைந்து, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். கடைசிக் காட்சியில் தாய் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். தாய் சோறு போடுகிறாள். அவன் சாப்பிடச் சாப்பிட அலைச்சத்தம் கூடிக்கொண்டே வந்து திரை இருட்டிவிடுகிறது. அவன் உண்மையில் கரையேறினானா, இல்லை நடுக்கடலில் கிடந்து கண்ட கனவா? ரிஸ்லா கேட்டது அவ்வளவுதான்.

நஸ்ரி விடுவானா? உண்மைதான் என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவுகளாக அனுப்பித் தள்ளினான். சோற்றில் ஆவி பறந்தது, சேர்ட்டில் உப்புப் பூத்திருந்தது, வாடைக்காற்று ஆளைக் கரைக்குத்தான் தள்ளும். இவ்வளவு ஆபத்தைத் தாண்டி வருகிறவன் பெற்ற உம்மாவிடம் வராமல் வேறு எங்கே போவான் என்றும் சேர்த்துச் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் ரிஸ்லா கேட்டாள். இரண்டு நாள் கழித்து, அவளுடைய வாப்பா புது வீட்டுக்கு ஓடு போடுகிற வேலையை நிறுத்திவிட்டதாகக் கதை வந்தது. அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுப்பார்கள். கூரை வேலை நின்றால் கல்யாணமும் நின்ற மாதிரி. ரிஸ்லா இல்லாத வாழ்க்கையை நஸ்ரியால் நினைக்கவே ஏலாது. ஆனாலும் தான் என்ன பிழையாகச் சொன்னோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. படத்தைத் திரும்பப் போட்டு உப்பையும் ஆவியையும் தேடினான்.

பக்கத்தில் நெத்தலி மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவனுடைய உம்மா ஆமினாவும் எட்டிப் பார்த்தார். படம் முடிந்ததும், கனவு என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னார். எப்படி என்று நஸ்ரி கேட்டான்.

"கலியாணம் முடிச்சவன் தப்பி வந்தா பொஞ்சாதிட ஊட்டுக்குத்தானே போவான். உம்மாட ஊட்டுக்கு வாறான் எண்டா அது கனவுதான் மகன்."

நஸ்ரிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. யார் வீட்டுக்கு வருவான் என்றுதான் ரிஸ்லா கேட்டிருக்கிறாள். இவன் காற்றையும் உப்பையும் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறான். உடனே, அது கனவுதான், நிசமாகக் கரையேறினால் அவன் நேரே மனைவியிடம்தான் போவான் என்று எழுதி அனுப்பினான்.

பதில் பறந்து வந்தது. "நீங்க இங்க வரமாட்டீங்க எண்டு நினைச்சிட்டன். இது உங்கட மூளை இல்லையே, ஆரு சொல்லித் தந்த?"

உம்மா என்று எழுதினான். நாளைக்கே ஓடு ஏறும், வெள்ளிக்கிழமை மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்க என்று வந்தது. நஸ்ரி பல்லெல்லாம் தெரிய அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினான்.

நல்லது என்றார் ஆமினா. உண்மையாகவே அவருக்குச் சந்தோசம்தான். இன்னும் கொஞ்சம் மீன் ஆய்ந்தார்.

"சோறு போட்ட அந்தத் தாய்க்கு மட்டும் அது கனவு எண்டு ஆரும் சொல்லாட்டிச் சரி மகன்."